எங்கன தேடுச்சுன்னு பாரு

இன்று காலை லேப்பில் அதே வரி வந்தது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி. நீ போய் இரண்டு வருசமாகிறது. அந்த வரிக்கு மட்டும் சாவே கிடையாது போலிருக்கிறது.

புது மென்பொருள் ஒன்றை ஏற்றிக்கொண்டிருந்தோம். அது ஓடுவதற்குக் கூடவே நிற்க வேண்டிய துணைக் கோப்பு ஒன்று, லைப்ரரி என்போமே, அதைக் காணோம் என்று நின்றுவிட்டது. போன மாசம் சேர்ந்த லேப் அசிஸ்டென்ட், ஆண்டிபட்டிப் பெண், உடனே நெட்டில் இறக்கப் போனாள். "இரு தாயி" என்றேன். அதற்குமேல் என் வாயில் வந்தது உன் பேச்சுதான். "இல்லைன்னு சொன்னா இல்லைன்னு அர்த்தமில்ல. எங்கன தேடுச்சுன்னு பாரு." பார்த்தோம். கோப்பு இருந்தது, வேறொரு ஃபோல்டரில். அது தேடுகிற இடங்களோடு அந்த ஃபோல்டரையும் சேர்த்துவிட்டேன். ஐந்து நிமிசத்தில் ஓடியது.

அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள். "அக்கா, முன்னாடி இங்க ஒரு அக்கா இருந்தாகளாமே? பிராக்டிகலுக்கு மொத நாளு பன்னெண்டு மிசினையும் காலி பண்ணிப்புட்டாகளாமே, நெசமா?"

ஆறு வருசம் கழித்தும் இந்த லேப்பில் உனக்கு அதுதானடி பெயர். "அவுக இல்ல, நான்தான்" என்றேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்து அவள் இன்னும் சத்தமாகச் சிரித்தாள்.

அப்புறம் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்தேன், ஜன்னலைத் திறந்தேன், மூடினேன். மேசை டிராயரின் அடியில் கிடந்த சிடியை எடுத்துப் பார்த்தேன். மார்க்கரில் உன் கோணல் எழுத்து: "கடைசி லைப்ரரி". கவரின் ஓரத்தில் திராட்சைச் சாறு பட்ட உன் கட்டைவிரல் அடையாளம். உங்கள் தோட்டத்துப் பன்னீர் திராட்சையை டிபன் பாக்ஸில் கொண்டுவந்து, தின்ற கையைத் துடைக்காமல் கீபோர்டைத் தொடுவாய். எத்தனை தடவை திட்டியிருப்பேன்.

பன்னிரண்டு கம்ப்யூட்டரிலும் இனிமேல் விண்டோஸ் கிடையாது, லினக்ஸ்தான் என்று பிரின்சிபால் சொன்ன வருசம் அது. சொல்லிவிட்டு அவர் போய்விட்டார், மாட்டிக்கொண்டது நாம் இரண்டு பேர். பிள்ளைகள் எழுதும் புரோகிராமை ஓடவைக்கிற கம்பைலரை ஏற்றினால், ஒரு லைப்ரரியைக் காணோம் என்று நிற்கும். நம் பாலிடெக்னிக்கில் இருந்த நெட், போன் வயரில் ஊர்ந்து வருவது; பாதியில் அறுந்துவிடும். அதனால் காணாதவற்றின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு நீ சனிக்கிழமை சனிக்கிழமை மதுரைக்குப் பஸ் ஏறினாய், பிரவுசிங் சென்டரில் இறக்கி சிடியில் பதிந்துகொண்டு வர. திங்கட்கிழமை அதை ஏற்றினால் அந்த லைப்ரரிக்கு இன்னொரு லைப்ரரி வேண்டும்.

"சம்பந்தி வீட்டுச் சீரு மாதிரில்ல இருக்கு? ஒண்ண வச்சா இன்னொண்ணக் காணமேங்குது" என்பாய். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிப்போம். இப்படி ஆறு சனிக்கிழமை.

பிராக்டிகலுக்கு முதல் நாளும் நீ மதுரைக்குத்தான் போனாய். "ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. நாலு மணிக்கெல்லாம் வந்துருவேன். அதுவரைக்கும் எதையும் தொட்றாதடி" என்று பஸ்ஸிலிருந்து தலையை நீட்டிச் சொன்னாய்.

பொறுமை என்பது எனக்கு ஏது? மதியம்வரை நகத்தைக் கடித்தேன். எதை ஏற்றவும் உன் பாஸ்வேர்டு வேண்டும்; அவசரத்துக்கென்று நீ எனக்குச் சொல்லி வைத்திருந்த அதைப் போட்டேன். ஏதோ பத்திரிகையோடு வந்த சிடியில் அந்த லைப்ரரி புதுசாகவே இருந்தது. பொருந்தாது என்று கம்ப்யூட்டர் சொன்னது. சொன்னால் சொல்லட்டும், வாயை மூடிக்கொண்டு ஏற்று என்று கட்டளை கொடுக்க ஒரு வழி உண்டே, அதைக் கொடுத்தேன். ஏறிவிட்டது. கம்பைலர் ஓடியது. இதற்கா இவள் ஆறு வாரம் அலைந்தாள் என்று உன்னை நினைத்து மனசுக்குள் நக்கல் வேறு. ஒன்றன்பின் ஒன்றாகப் பன்னிரண்டிலும் ஏற்றினேன்.

மூன்று மணிக்குக் கரண்ட் போனது. வந்தபோது பன்னிரண்டில் ஒன்றுகூட எழுந்திருக்கவில்லை. அதுவரை அவை நினைவில் வைத்திருந்த பழைய லைப்ரரியால் ஓடியிருக்கின்றன. அணைந்து எழும்போது இருந்தது நான் திணித்தது மட்டும்தான்.

நாலு மணிக்கு நீ வந்தாய், கையில் அந்தக் "கடைசி லைப்ரரி" சிடியோடு. திரைகளைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய்.

"தொட்டியா?"

"தொட்டேன்."

"சரி, அழுகாத. அந்த மொத சிடிய எடு."

முதலில் லினக்ஸ் ஏற்றிய சிடி ஒன்றே ஒன்று, கம்ப்யூட்டர் பன்னிரண்டு. ஒவ்வொன்றையும் அந்தச் சிடியால் எழுப்பி, பழைய லைப்ரரியைத் திரும்ப வைக்க வேண்டும். ஏழு மணிக்கு வாட்ச்மேன் பூட்ட வந்துவிட்டார். மறுநாள் விடிந்ததும் வந்து ஆரம்பித்தோம். ஒன்பது மணிக்கு ஐந்து எழுந்திருந்தன. பிள்ளைகள் வராந்தாவில் நோட்டை வைத்து விசிறிக்கொண்டு நின்றார்கள். பரீட்சை தொடங்கியபோது மணி பன்னிரண்டு. வெளியிலிருந்து வந்திருந்த எக்ஸாமினர் அதைத் தன் ரிப்போர்ட்டில் எழுதிவிட்டுப் போனார்.

பிரின்சிபால் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"பாஸ்வேர்டு யாருகிட்ட இருக்கு?"

"எங்கிட்டதான் சார்" என்றாய்.

"அப்ப யாரு செஞ்சது?"

நீ பதில் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவுமில்லை. சும்மா நின்றாய், எனக்கு இடம் விட்டு. அவர் தேடிய பதில் ஒரு முழம் தள்ளி என் வாயில் இருந்தது. அவர் பாஸ்வேர்டு இருந்த இடத்தில் மட்டும் தேடினார். நான் மொசைக் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பயம் என்றும், வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்றும், முதல் வேலை என்றும் பிற்பாடு எத்தனையோ காரணம் எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். எல்லாம் சப்பைக்கட்டு.

வருசக் கடைசியில் உன்னை வேண்டாம் என்றுவிட்டார்கள். வராந்தாவில் உன் கையைப் பிடித்து, "இப்பப் போயிச் சொல்லிர்றேன்டி" என்றேன். "சொல்றவளா இருந்தா அன்னைக்கு உள்ளயே சொல்லியிருப்ப. போ, புள்ளைக காத்துக் கெடக்கு" என்றாய். உன் குரலில் கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை.

மலைக்கு மேலே, கேரளா எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாய். அங்கேயே அறை எடுத்துத் தங்கினாய். ஒரு தடவை போன் செய்தாய். "என்னடி, ஒன் பன்னெண்டு புள்ளைகளும் சுகமாணோ?" என்று மலையாளத்தில் இழுத்தாய். நான் பேச அது ஒரு வாசல், தெரிந்துதான் திறந்தாய். "பிரின்சிபால் வர்றாக, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டேன். பிரின்சிபால் அன்றைக்கு லீவு.

பிறகு காய்ச்சல் என்றார்கள். பத்தே நாள். காமயகவுண்டன்பட்டியில் உன் வீட்டு வாசலில் பெண்களோடு பெண்ணாகப் பின்னால் உட்கார்ந்திருந்துவிட்டு, உன் அம்மா முகத்தைப் பார்க்காமல் பஸ் ஏறினேன்.

இன்று மதியம் பெர்மிஷன் போட்டுவிட்டு அதே ஊருக்கு டவுன் பஸ் ஏறினேன். சிடியைப் பையில் வைத்துக்கொண்டேன். உன் அம்மா திராட்சைப் பந்தலடியில் குலைகளில் அழுகலைக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்தது.

"ஓடப்பட்டிப் புள்ளையா நீயி? எம்மக ஒன்னையப் பத்திப் பேசாத நாளில்ல. அவசரக்குடுக்கை, ஆனா கெட்டிக்காரிம்பா." பிறகு குலையைப் பார்த்துக்கொண்டே, "அவதான் என்னமோ கைதவறி மிசினக் கெடுத்துப்புட்டா. இல்லேன்னா இங்கனயே இருந்திருப்பா. அத்தாம்பெரிய காச்சலோட மலைமேல ஒத்தையில கெடந்திருக்க மாட்டா" என்றார்கள்.

பாவி, நீ பெற்றவளிடம்கூடச் சொல்லவில்லையா?

"ஆத்தா, அது அவ இல்ல. நான்தான்."

முழுக்கச் சொன்னேன். லைப்ரரியும் பாஸ்வேர்டும் அவர்களுக்குப் புரிந்திருக்காது. மொசைக் தரை புரிந்தது. அழுகலைக் கிள்ளிய கை நின்றுவிட்டது.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும் ஆத்தா."

"தெரிஞ்சுக்கிட்டுத்தான் ஒன்னையக் கெட்டிக்காரின்னு சொன்னாளா?"

அவர்கள் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. சிடியை நீட்டினேன். உன் கட்டைவிரல் அடையாளத்தைக் காட்டினேன். முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கி, அந்த இடத்தை விரலால் ஒருமுறை தடவிவிட்டு, திரும்ப என் கையிலேயே வைத்தார்கள். "அவ வேல பாத்த எடத்துலயே இருக்கட்டும்."

இப்போது அது என் மேசைமேல் இருக்கிறது. டிராயரில் போடமாட்டேன். நாளைக்குக் காலையில் அந்த ஆண்டிபட்டிப் பெண்ணிடம் மறுபடியும் சொல்வேன், அவுக இல்ல, நான்தான் என்று. அவள் சிரிப்பாள். சிரிப்பை நிறுத்துகிறவரை சொல்வேன்.