வெறும் வயிற்றுக் கோபம்

அன்புள்ள கணவருக்கு,

நலம். உங்கள் சர்க்கரை எப்படி இருக்கிறது? சமையலுக்கு வரும் மாலா நேரத்துக்கு வருகிறாளா?

சங்கரன்கோவிலில் நேற்று ஒரு வேடிக்கை. நம்பிக்கையில்லாத நான், உங்கள் உடம்புக்காக வெறும் வயிற்றோடு கோயிலைப் பலமுறை வலம்வரும் ஆடிச்சுற்று சுற்றினேன். வீடு திரும்பியதும் பக்கத்து வீட்டுப் பொன்மணியிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

“பசிதான பேசுது மேடம்! மொதல்ல இதக் குடிங்க, பொறவு ஏசுங்க” என்று கம்பங்கூழை நீட்டினாள். குடித்தபின் ஏசத் தோன்றவில்லை.

ஒரு நாள் அனுபவம் நிரூபணமாகாது. ஆனாலும் ஞாயிறன்று நீங்கள் போனைப் பாதியில் வைத்தது, நான் இந்த ஊர்க் கிளைக்கு மாற்றலை ஏற்ற கோபத்தாலா, சாப்பிடாததாலா? அன்று என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதுங்கள். கொஞ்சம் நம் வீட்டு இட்லிப் பொடியும் அனுப்புங்கள்.

வங்கி திறக்கும் நேரமாகிவிட்டது. கோபம் இருந்தால் இருக்கட்டும். சாப்பிட்டுவிட்டுக் கோபப்படுங்கள்.

ஆனந்தி