செஞ்சியில் நீ திறந்த பை

அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பரணிலிருந்து சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தபோது என் பழைய காலேஜ் பைக்குள் உன் எவர்சில்வர் டப்பா கிடந்தது. இரண்டு அடுக்கு. மூடியில் உன் அம்மாவின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கிறது: அஞ்சலை. திறந்து மோந்து பார்த்தேன். நீ கொண்டுவந்த புளிச்சோற்றின் வாசனையெல்லாம் இல்லை. பூட்டிய வீட்டின் வாசனைதான் இருந்தது.

"யாருதுடா இது?" என்றாள் அம்மா. உன் பெயரைச் சொன்னேன். அடுத்த அட்டைப்பெட்டிக்குக் கயிறு தேடப் போய்விட்டாள்.

தானே புயல் முந்திரித் தோப்புகளைப் படுக்கவைத்துவிட்டுப் போன மறு வருடம் நாம் செஞ்சிக்குப் போனோம். இருவருக்கும் இருபது வயது. பன்னிரண்டாம் வகுப்பு வரை நிலக்கரிச் சுரங்க நகரியத்துப் பள்ளியில் ஒரே பெஞ்சு. அதற்குப் பிறகு நான் என்ஜினியரிங் காலேஜ். நீ சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டை இடம் மாற்றும் கூட்டத்தில் ஒரு கான்ட்ராக்ட் ஆள். இதில் புத்தியின் பங்கு ஒன்றும் இல்லை. கணக்கில் நீதான் என்னைவிட மேலே. என் அப்பா சுரங்கத்தில் பெர்மனென்ட், உன் அப்பா பக்கத்து ஊரான வடக்குத்தில் அடுத்தவன் காட்டில் கூலி. சுரங்கத்துக்கு நிலம் போனவர்களுக்காவது வேலை கேட்க ஒரு காகிதம் இருந்தது. நிலமே இல்லாத உன் அப்பா எதைக் காட்டிக் கேட்பார்?

எங்கள் வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் வந்தால் மேலே விளிம்பில் நிறுத்திச் சுரங்கத்தைக் காட்டுவோம். அத்தை, மாமா எல்லாரும் குழியைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். அந்தக் குழிக்குள் எங்கேயோ மஞ்சள் ஹெல்மெட்டோடு நீ ஒரு புள்ளியாக இருந்தாய். அது எனக்கு அப்போது உறைத்ததே இல்லை.

செஞ்சிக்குப் போகலாம் என்றது நான்தான். ஒரே நாளில் பார்த்துத் திரும்பக்கூடிய ஊர் என்று செய்தித்தாள் இணைப்பில் போட்டிருந்தார்கள். அதை வெட்டி வைத்திருந்தேன். பண்ருட்டி தாண்டியதும் பஸ்ஸில் எடுத்துப் படித்தேன்.

"எத்தினி எடம்டா?" என்றாய்.

"ஒன்பது."

"சூப்பர்வைசர் கணக்கா லிஸ்ட் எடுத்துக்கினு வந்துக்கிற. எனக்கு இருக்கறது வாரத்துல ஒரு லீவு. அதுலயும் ஒம்போது வேலையா?"

விழுப்புரத்தில் பஸ் மாறி, செஞ்சியில் இறங்கி, ராஜகிரி அடிவாரத்தில் டிக்கெட் எடுத்தோம். கல்யாண மகாலின் அடுக்குகளை அண்ணாந்து பார்த்தோம். யானைக்குளம், குதிரை லாயம், உடற்பயிற்சிக் கூடம் என்று வரிசையாக டிக் அடித்துக்கொண்டே வந்தேன். நீ ஒவ்வொரு பலகையையும் முழுதாகப் படித்தாய். ராஜா பெயர், நவாப் பெயர், வெள்ளைக்காரன் பெயர் எல்லாம் இருந்தன.

நெற்களஞ்சியத்துக்குள் உன் குரல் எதிரொலித்தது. "நெல்லு வச்ச எடம் இதுன்னு போட்டுக்கிறான். அறுத்தவன் குந்துன எடம் எங்கடா? உன் லிஸ்ட்ல பாரு."

"அதெல்லாம் யாருடா போடுவான்?"

"அதான் கேக்கறேன்."

மலை ஏறும்போது நான் முக்கால்வாசியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். நீ சட்டைகூட நனையாமல் நின்று சிரித்தாய். "இன்னா இஞ்சினியரு, பெல்ட் நின்னுபோச்சா?" உச்சியில் பெரிய பீரங்கி கிடந்தது. அதைக் கையால் தட்டிப் பார்த்தாய், கீழே படிகளைப் பார்த்தாய், மறுபடி பீரங்கியைப் பார்த்தாய். "இத்த மேல ஏத்த எத்தினி ஷிஃப்டு ஆயிருக்கும்? ஒருத்தன் கால் மேலயாவது உழுந்திருக்கும்டா, பெட்டு வேணும்னா கட்டறேன்." கீழே வயல், ஏரி, பாறைக் குன்றுகள். அழகா இருக்குல்ல என்றேன். "மேலேர்ந்து பாத்தா எதுதான் அழகா இல்ல?" என்றாய். அப்போதும் எனக்கு எங்கள் அத்தையும் மாமாவும் நினைவுக்கு வரவில்லை.

இறங்கி வந்து வேப்பமரத்தடியில் புளிச்சோற்றை முடித்தோம். மேல் அடுக்கில் கொஞ்சம் வேர்க்கடலை மீந்தது. பஸ்ஸில் தின்னலாம் என்று மூடி வைத்தாய். வெளிவாசலுக்கு வந்தோம். காக்கிச் சட்டை போட்ட வயதான வாட்ச்மேன் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

நான் அவரைக் கடந்துவிட்டேன். நீ கடக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் நீ அவர் முன்னால் நின்று, பையின் ஜிப்பை முழுதாக இழுத்து, டப்பாவை வெளியே எடுத்து, மூடியைத் திறந்து அவர் முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தாய். இன்னொரு கையைப் பக்கவாட்டில் தூக்கி வைத்திருந்தாய், தடவிப் பார்க்க வசதியாக.

"இன்னா தம்பி, எனக்கா?" என்றார் அவர். உடனே பதறினார். "மூடு மூடு! குரங்கு கீது!"

அவர் சொல்லி முடிப்பதற்குள் மதில்மேல் இருந்த குரங்கு இறங்கி, கடலையை வாரிக்கொண்டு போய்விட்டது. பாதி தரையில் சிதறியது. வாட்ச்மேன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். தரையில் உட்கார்ந்து சிரித்தேன். நீ மூடியைப் பொறுக்கி, பேண்ட்டில் துடைத்து, டப்பாவில் பொருத்தினாய். மூன்று முறை பொருத்தினாய். அது சரியாக உட்காரவில்லை.

உன் ஒப்பந்தக்காரரின் யார்டில் காப்பர் வயர் களவு போகிறது என்று தினமும் சாயந்திரம் எல்லாரையும் வரிசையில் நிறுத்துவார்கள். பையைத் திறந்து, டப்பாவைத் திறந்து காட்டிவிட்டு, கையைத் தூக்கி நின்றால்தான் வெளியே விடுவார்கள். இரண்டு வருடம் இதைச் செய்த உடம்புக்குக் காக்கிச் சட்டையும் வாசலும் போதும். இதை நீ எனக்கு முன்பே சொல்லியிருந்தாய். நான் கேட்டும் இருந்தேன். கேட்டது வேறு, தெரிந்தது வேறு.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் டப்பாவை எடுத்து என் மடியில் வைத்தாய். "இந்தா, நீயே வச்சிக்க. உன் பைய எவனும் தொறக்கச் சொல்ல மாட்டான்."

நீ தமாஷ் செய்கிறாய் என்று நினைத்தேன். அல்லது அப்படி நினைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது. பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மறுநாளே எங்கள் பிளாக் டீக்கடையில் இதை நடித்துக் காட்டினேன். வாட்ச்மேனாகவும் நீயாகவும் குரங்காகவும் நானே நடித்தேன். நல்ல கைதட்டல். அந்த வாரமே உனக்கு 'செக்கிங்' என்று பெயர் விழுந்தது. "டேய் செக்கிங், கையத் தூக்கு" என்று பையன்கள் கத்தினார்கள். பெர்மனென்ட் வீட்டுப் பையன்கள். நானும் அதில் ஒருவன்.

ஒரு நாள் ஒரு காலைத் தரையில் ஊன்றிச் சைக்கிளை நிறுத்தி என்னைக் கேட்டாய். "நீதான் சொன்னியா?"

"இல்லடா. எப்படியோ பரவிடுச்சு."

"சரி" என்றாய். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நீ எங்கள் பிளாக் பக்கம் வரவில்லை. நானும் உன்னைத் தேடி வரவில்லை. இரண்டு வருடம் கழித்து, காலை ஷிஃப்டுக்குப் போகும் வழியில் ஒரு லாரி உன்னை அடித்துவிட்டு நிற்காமல் போனது. நான் சாவுக்கு வந்தேன். கூட்டத்தில் நின்றேன். பேச எதுவும் இல்லை என்று திரும்பிவிட்டேன். பேச இருந்தது.

இப்போது நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். என்ஜினியரிங் படித்தும் கான்ட்ராக்ட்தான். சாயந்திரம் வரிசை, பை, டப்பா, கை. போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்திலிருந்து வெளியே வரும்போது வாசலில் வாட்ச்மேனைப் பார்த்ததும் என் கை தானாக ஜிப்பை இழுத்தது. கூட வந்தவன் சிரித்தான்.

அதனால் நேற்று டப்பாவைத் தேய்த்துக் கழுவி எடுத்துக்கொண்டு வடக்குத்துக்குப் போனேன். உன் அம்மா வாசலில் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். கொட்டைப் பால் பட்டு விரல்களெல்லாம் கறுப்பு. டப்பாவை வைத்துவிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னேன். "அம்மா, அவனுக்கு செக்கிங்னு பேரு வரக் காரணம் நான்தான். அவன் கேட்டப்போ இல்லைன்னு பொய் சொல்லிட்டேன்."

"தெரியுமே" என்றார், கையை நிறுத்தாமல். "அன்னிக்கே வூட்டுல வந்து சொன்னான். 'அங்க இருந்தது நானு, அவன், ஒரு வாட்ச்மேனு, ஒரு கொரங்கு. கொரங்கா வந்து சொல்லிருக்கும்?'னு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அவன் உசுரோட இருக்கச்சொல்ல சொல்லிருக்கக் கூடாதா தம்பி? 'வந்து சொல்லட்டும், ரெண்டு உதை உட்டுட்டு உட்டுர்றேன்'னு தான் சொல்லிக்கினு இருந்தான்."

டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினேன். புறங்கையால் திருப்பித் தள்ளினார். "எனக்கு எதுக்கு? நான் எந்த வேலைக்குச் சோறு கட்டிக்கினு போறேன்? நீ எடுத்துக்கினு போ. சும்மா கெடந்தா என்னாத்துக்கு ஆவும்."

இன்று அதில்தான் சோறு கொண்டுபோனேன். சாயந்திரம் வரிசையில் என் முறை வந்தது. செக்யூரிட்டி மூடியைத் திறக்கப் போனவர் பெயரைப் பார்த்தார்.

"அஞ்சலை யாரு? உங்க அம்மாவா?"

"இல்லைண்ணே. என் ஃபிரெண்டோட அம்மா."

"அவங்க டப்பா உன்கிட்ட எப்படி வந்துச்சு?" விளையாட்டாகத்தான் கேட்டார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"அவன்தான் கொடுத்தான். என் பையை யாரும் திறக்க மாட்டாங்கன்னு."

திறந்து பார்ப்பது அவர் வேலை, திறந்து பார்த்தார். பிறகு மூடியை அழுத்திப் பொருத்தி, டப்பாவைச் சாயாமல் நேராக என் பைக்குள் வைத்தார். வழக்கமாக அவர்கள் அப்படி வைப்பதில்லை.