ஆரோக்கியத்தின் காலில் வைத்த தகடு

1966 பிப்ரவரி 7
விடிந்ததிலிருந்து வாடைக் காற்று. ஆபரேஷன் துணிகள் காயவில்லை.
பாம்பனிலிருந்து ஆரோக்கியம் என்று ஒருத்தி. முப்பது வயதிருக்கும். போன வருடம் வள்ளத்தைக் கரையேற்றும்போது அது சரிந்து, வலது முழங்காலுக்குக் கீழே முறிவு. வேறு ஊரில் எஃகுத் தகடு வைத்துத் திருகியிருக்கிறார்கள். எலும்பு கூடவில்லை. புண்ணில் நீர்.
புருஷன் சூசை டாக்டரம்மாவிடம், "காலை எடுத்துருவீகளோன்னு பயந்து கெடக்கா," என்றான். டாக்டரம்மா குனிந்து கட்டைப் பிரித்தார்கள்.

பிப். 9
தகட்டை எடுத்தோம். வைத்தபோது இடுக்கி கிழித்த கீறல்கள், கீறல் நெடுகத் துரு. சுற்றிலும் சதை கறுத்திருந்தது.
"கீறல் விழுந்தா எஃகும் உள்ள துருப்பிடிக்கும் சிஸ்டர்," என்றார்கள் டாக்டரம்மா.
காலை எடுக்கவில்லை. மாவுக்கட்டு. புண் ஆறட்டும்.

ஏப்ரல் 2
புழுக்கம். புண் காய்ந்துவிட்டது, எலும்பு இன்னும் ஆடுகிறது.
டாக்டரம்மா வெளிநாட்டில் படித்து வந்தபோது கொண்டுவந்த டைட்டானியம் தகடு ஒன்று இருக்கிறது. துருவே ஏறாதாம். கையில் எடுத்தால் கனமே இல்லை. மேல்பக்கம் பளபளப்பு. எலும்பில் படியும் பக்கம் சாம்பல் நிறம், சொரசொரப்பு. ஏன் மெருகேற்றவில்லை என்று கேட்டேன்.
"இப்படி விட்டா எலும்பு நல்லாப் பிடிக்கும்னு அங்க சொன்னாங்க. நான் கண்ணால பார்த்ததில்லை."
அதையே ஆரோக்கியத்திடமும் சொன்னார்கள். கூடாவிட்டால் கால் போகலாம் என்பதையும்.
"தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றீகள்ல. வைங்கம்மா."

ஏப். 4
புதுத் தகட்டை வைத்தோம். மூன்று மணி நேரம். இடுக்கி நுனிகளில் ரப்பர் குழாய் மாட்டச் சொன்னார்கள், தகட்டில் கீறல் படக்கூடாதென்று. இருபது வருடத்தில் இப்படி யோசித்தவரை நான் பார்த்ததில்லை.
வாங்க: அயோடின், நூல், என் செருப்புக்கு வார்.

ஜூலை 19
எக்ஸ்ரே. முறிவுக் கோடு பாதி மறைந்துவிட்டது. கோல் ஊன்றி வந்தாள். சூசை பாரை மீன் கொண்டுவந்தான். டாக்டரம்மா சைவம், எனக்கு வந்தது.

1967 மார்ச் 6
எலும்பு கூடிவிட்டது, தகட்டை எடுக்கும் நாள். திருகுகள் வந்தன, தகடு வரவில்லை. மேல்பக்கத்துச் சதை வழுக்கி விலகியது. அடியில் எலும்பு பற்றியிருந்தது. உளியால் இரண்டு தட்டு. அசையவில்லை.
டாக்டரம்மா உளியைக் கீழே வைத்தார்கள்.
"விட்டுடலாம் சிஸ்டர். எலும்பு அதைத் தன்னதா எடுத்துக்கிச்சு."
முகமூடிக்கு மேலே கண் நனைந்திருந்தது. நான் துடைத்துவிட்டேன்.
மயக்கம் தெளிந்ததும் ஆரோக்கியம், "எடுத்தாச்சா?"
"இல்லைம்மா. உன் எலும்பு விடமாட்டேங்குது."
கட்டைத் தொட்டுப் பார்த்தாள். "அப்ப அங்கனயே கெடக்கட்டும்."

மார்ச் 18
தையல் பிரித்தோம். வார்டில் கூட்டம், அதிகம் பேச முடியவில்லை. பஸ் நிறுத்தம்வரை நடந்தே போனாள். பின்னால் சூசை, கோலைத் தோளில் போட்டுக்கொண்டு.