எல்லாரும் எழுந்து நின்றபோது

லூயிஸ் தீவு
1961 மே 16

என் கண்ணு டோர்மட்டுக்கு,

கர்த்தரோட கிருபையால நான் சுகம், நம்ம பசு ப்ளாரக்கும் சுகம். போன வாரம் கன்னு போட்டா. பொட்டைக் கன்னு, நெத்தியில அம்மா மாதிரியே வெள்ளை. மூக்கைத் தொடைச்சு, வைக்கோலால நல்லா தேய்ச்சு விட்டேன், நீ காட்டிக் குடுத்தபடியே. ஊர்ல எல்லாரும் உன்னை மாட்டு டாக்டர்னுதான் சொல்றாங்க. "பேராசிரியர்"னு நான் திருத்தாத நாளே இல்ல.

சரி, இப்ப சண்டைக்கு வர்றேன்.

போன வருஷம் சபையில நடந்த திருவிருந்து, அந்த அஞ்சு நாள் ஆராதனை, ஞாபகம் இருக்கா? ஞாயித்துக்கிழமை, போதகர் ஜெபிப்போம்னு சொன்னாரு, சபை மொத்தமும் எந்திரிச்சுது. பாட்டுக்கு உக்காருவோம், ஜெபத்துக்கு நிப்போம். இது உனக்குத் தெரியாததா? நீ மட்டும் கண்ணை மூடிட்டு உக்காந்தே இருந்த! உங்கப்பா முன்பாடகரா நின்ன சபைடா அது. அண்ணன் ஒரு வரி எடுத்துக் குடுத்தா, சபை அதைக் கடல் அலை மாதிரி இழுத்துட்டு வருமே.

அன்னைக்கு வாசல்லயே பக்கத்து வீட்டு கத்ரியோனா பிடிச்சுக்கிட்டா. "என்ன மார்சலி, உன் அண்ணன் மகன் யுத்தத்துல வானத்துக்கே போய்ட்டு வந்தவராச்சே, தரையில நிக்கிற எங்களோட சேர்ந்து நிப்பாரா?"ன்னா. ஒரு வருஷமாகப் போவுது, இன்னும் விடல. தண்ணிக்குப் போனாலும் அதே பேச்சு.

நீ ஜெர்மனி மேல பறந்த ஒவ்வொரு ராத்திரியும் நான் முழங்கால்ல நின்னேன். ஆண்டவர் உன்னை முழுசா திருப்பிக் குடுத்தாரு. அவருக்கு முன்னால எந்திரிக்க உனக்கு என்ன கேடு? ஆகஸ்ட்ல திருவிருந்து வருது. வா. வந்து, அந்தக் கத்ரியோனா பார்க்க எந்திரிச்சு நில்லு.

உன் அத்தை,
மார்சலி


எடின்பரோ
1961 ஜூன் 4

அன்புள்ள அத்தைக்கு,

கன்று பிறந்த செய்தியில் மிக மகிழ்ச்சி. ப்ளாரக்கின் காம்பில் வெடிப்பு வந்தால், கறந்து முடித்ததும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்துக் கொழுப்புத் தடவுங்கள். வெண்ணெய் வேண்டாம். அதை நீங்கள் சாப்பிடுங்கள். சென்ற முறை பார்த்தபோது மிகவும் மெலிந்திருந்தீர்கள்.

கல்லூரியில் வேலை கூடுதல். ஆகஸ்ட்டில் வர இயலாது. உண்மையைச் சொன்னால், இனிமேல் திருவிருந்துக்கு என்னை எதிர்பார்க்க வேண்டாம். என் கட்டிலை, ஆராதனைக்கு வெளியூரிலிருந்து வரும் விருந்தாளிகளுக்குக் கொடுத்துவிடுங்கள். கடிதம் எழுதுவதை மட்டும் நிறுத்தமாட்டேன்.

உங்கள் மனம் நோகும்படி நடந்துகொண்டதற்கு மன்னியுங்கள்.

அன்புடன்,
டோர்மட்


லூயிஸ் தீவு
1961 ஜூலை 11

டேய் டோர்மட்,

உன் கட்டிலை எவனுக்கும் குடுக்கல. உன் கடுதாசியைப் படிச்சுட்டு ரெண்டு நாள் அழுதேன். மூணாம் நாள் கோவம் வந்துச்சு. அதுக்கப்புறம் நடந்ததைக் கேளு.

நூல் குடுக்க கொய்நேக் வீட்டுக்குப் போனேன். நெசவுக்காரன், உங்கப்பாவோட சேர்ந்து மீன் பிடிச்சவன். தறியை நிறுத்திட்டு, எனக்கு முதுகைக் காட்டி உக்காந்து புகைக்குழாய்ல புகையிலை அடைச்சிட்டிருக்கான். "கொய்நேக்!"ங்கறேன். அசையல. "யோவ், செத்துட்டியா?"ங்கறேன். அசையல. தோள்ல கை வெச்சதும் துள்ளி விழுந்தான்.

"கத்தாத மார்சலி, முன்னால வந்து பேசு. இந்தத் தறி என் காதைத் தின்னு வருஷக்கணக்காச்சு"ன்னான்.

"அப்ப கோயில்ல எப்படிய்யா சமாளிக்கிற?"ன்னு கேட்டேன்.

"கண்ணை மூடமாட்டேன். எல்லாரும் எந்திரிக்கிறதைப் பாத்து எந்திரிப்பேன். ஒரு தடவை பக்தியா கண்ணை மூடித் தொலைச்சேன். சபை மூப்பர் வீட்டுக்கே வந்து கண்டிச்சாரு"ன்னு சிரிக்கிறான்.

நூலை அங்கயே போட்டுட்டு வந்துட்டேன். வழியெல்லாம் நீதான் கண்ணு முன்னால. போன வருஷம் அடுப்புல கெண்டி விசிலடிச்சுத் தள்ளுது, நீ பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிக்கிற. நான் பேசினா மேசையைச் சுத்தி வந்து என் மூஞ்சியைப் பாத்து நிக்கிற. அத்தை மேல எவ்வளவு பாசம்னு நான் பூரிச்சுப் போனேன்! ப்ளாரக்குக்கு இருமல் வந்தப்பகூட அந்த ரப்பர் குழாயைக் காதுல மாட்டல நீ. அவ விலாவுல நெத்தியை வெச்சு, உள்ளங்கையை வெச்சு நின்ன.

ஏன்டா சொல்லல? உன்னைத் தொட்டில்ல ஆட்டினவகிட்ட என்னடா வெக்கம்?

யாருகிட்டயும் நான் சொல்லல. கத்ரியோனா எதுத்தாப்ல வந்தா, நாக்கைக் கடிச்சிட்டு நடந்துட்டேன். எனக்கு அது எப்பேர்ப்பட்ட தியாகம்னு உனக்குத் தெரியும்.

நீ வா. நான் உன் பக்கத்துலயே உக்காந்துக்கறேன். வேதத்துல உள்ள சங்கீதப் பாட்டெல்லாம் உனக்கு மனப்பாடம். எங்க ஆரம்பிக்குதுன்னுதான் தெரியணும். ஒவ்வொரு வரிக்கும் உன் கையில தட்டறேன். எந்திரிக்க வேண்டியப்ப கிள்ளறேன். கொஞ்சம் பலமாவே கிள்ளுவேன், போன வருஷத்துக்கும் சேர்த்து.

உன் அத்தை,
மார்சலி


எடின்பரோ
1961 ஜூலை 23

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

நீங்கள் நினைத்தது சரி. வலது காது முழுவதும் போய்விட்டது. இடதில் கொஞ்சம் மிச்சம். இரவெல்லாம் குண்டுவீச்சு விமானத்தின் நான்கு இஞ்சின்களின் இரைச்சல், அதற்கு நடுவில் காதில் மாட்டிய ரேடியோ. விமானப்படையை விட்டு வந்த பிறகும் அந்த இரைச்சல் மட்டும் என்னோடு வந்துவிட்டது. கல்லூரியில் தொல்லை இல்லை. மாணவர்கள் என் முகத்தைப் பார்த்துப் பேசப் பழகிவிட்டார்கள். மாடுகளுக்கு என்னிடம் பேச வேண்டிய அவசியமே இல்லை.

வரமாட்டேன் என்று எழுதியது கோபத்தாலோ கத்ரியோனாவுக்குப் பயந்தோ அல்ல. அன்று பாட்டு தொடங்கியதும் அப்பாவின் குரலை நினைத்துக் கண்ணை மூடினேன். இஞ்சின்தான் கேட்டது. எப்படியாவது அந்தப் பாட்டைப் பிடித்துவிட வேண்டும் என்று மனதுக்குள் பாடிக்கொண்டே இருந்தேன். கண்ணைத் திறந்தபோது எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். அந்தப் பாட்டு இனி எனக்கு இல்லை என்று இன்னொரு முறை பார்க்கத் தைரியம் வரவில்லை, அத்தை.

கையில் தட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். விமானத்தில் என் வேலையே ரேடியோவில் வரும் மோர்ஸ் தந்தித் தட்டல்களைப் புரிந்துகொள்வதுதான். உங்கள் தட்டலும் புரியும்.

ஆராதனை தொடங்கும் வியாழக்கிழமைக்கு முன்பே வந்துவிடுகிறேன். என் இடப்பக்கம் உட்காருங்கள். கிள்ளுவதை மட்டும் கொஞ்சம் யோசியுங்கள்.

அன்புடன்,
டோர்மட்


லூயிஸ் தீவு
1961 செப்டம்பர் 2

என் ராசா டோர்மட்டுக்கு,

சுகமா போய்ச் சேர்ந்தியா? விருந்தாளிங்க எல்லாம் கிளம்பிட்டாங்க. வீடு வெறிச்சுனு கிடக்கு. கன்னு உன் தொப்பியைப் பாதி தின்னுடுச்சு. மீதியை அனுப்பட்டுமா?

நேத்து கத்ரியோனா வந்தா. "நாப்பது வயசுப் பேராசிரியர், அத்தை கையைப் பிடிச்சுட்டு உக்காந்திருக்காரே, தொலைஞ்சு போயிடுவாரோ?"ன்னா. நீ சொல்லலாம்னுட்டியே, அதனால உன் காது விஷயத்தை முழுசா சொன்னேன். அவ ஏப்ரன் துணியால மூக்கைத் துடைச்சிட்டு, "அடுத்த வருஷம் அந்தப் பக்கம் நான் உக்காந்துக்கறேன், எனக்கும் கிள்ள வரும்"னா.

ஒண்ணு கேக்கணும். நேர்ல கேட்டா அழுதுடுவேன்னு கேக்கல.

ஞாயித்துக்கிழமை முதல் வரிக்கும் ரெண்டாவது வரிக்கும் சரியாத் தட்டினேன். மூணாவதுல உங்கப்பா ஞாபகம் வந்துடுச்சு. தட்டறதையே மறந்துட்டேன். பையன் தொலைஞ்சானேன்னு பதறிப் பாக்கறேன். நீ வலது கையை விரிச்சு, முன் பெஞ்சுப் பலகை மேல வெச்சிருந்த, ப்ளாரக்கோட விலாவுல வெச்ச மாதிரி. சபை பாடப் பாட அந்தப் பலகை அதிருது, அது எனக்கே தெரிஞ்சுது. நீ கண்ணைத் திறந்துட்டே பாடிட்டிருந்த.

அப்புறம் நாலாவது வரி வந்தப்ப, என் கையில யாரு தட்டினது? நீதானே?

உன் அத்தை,
மார்சலி