முப்பதாம் தேதி வரை செல்லும்

ஜூன் 4, புதன்
சௌந்தர்யா ஏழு மணி ஷிப்டுக்கு ஆறே முக்காலுக்கே வந்துவிட்டாள். எருமப்பட்டியிலிருந்து பஸ் பிடித்து வருகிறவள். மருத்துவமனைக்குப் பின்தெருவில் குடியிருக்கும் நான் ஏழு பத்துக்கு வந்தேன். “வாங்கக்கா” என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அதுதான் பொறுக்கவில்லை.

நான் பத்தொன்பது வருட நர்ஸ், அவள் ஏழு வருடம். டிப்ளமோவோடு நின்றிருந்த இருவரும் ராசிபுரம் பக்கத்துக் கல்லூரியில் இரண்டு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பி.எஸ்சி. முடித்தோம். நான் முதல் வகுப்பு. இதை யாரும் விசாரிப்பதில்லை, ஏனென்றால் அவள் முதலிடம்.

ஜூன் 9
ஐ.சி.யு. இன்சார்ஜ் பதவி காலியாகிறது. மேனேஜர் சிவக்குமார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். “டிகிரிய நர்சிங் கவுன்சில்ல பதிஞ்சு, சான்றிதழ யாரு முதல்ல கொண்டாந்து வெக்கறீங்களோ அவங்கதானுங்க இன்சார்ஜ்.”

இருவர் விண்ணப்பமும் போன மாதமே ஒரே கூரியரில் சென்னை போயின. கவரை ஒட்டியது நான். அப்போது அவள் டிப்ளமோப் பதிவின் தேதி கண்ணில் பட்டது. ஜூன் 30 வரை செல்லும்.

ஜூன் 11
சாப்பாட்டு வேளையில் கேட்டாள். “ஏனுங்கக்கா, டிகிரி பதிவுதான் வரப்போகுதே, பழைய டிப்ளமோவையும் புதுப்பிக்கோணுமுங்களா?”

புதுப்பிக்க வேண்டும். டிகிரியை ஏற்றும்வரை நாங்கள் நிற்பது அந்தப் பழைய பதிவின் மேல்தான். அது காலாவதியானால் டிகிரியையும் ஏற்ற மாட்டார்கள், ஊசி போடும் உரிமையும் போய்விடும். எனக்குத் தெரியும். என்னுடையதை மார்ச்சிலேயே புதுப்பித்தாகிவிட்டது.

“கவுன்சில்ல விசாரிச்சுக்க சாமி” என்றேன்.

பொய் ஒன்றும் சொல்லவில்லையே.

ஜூன் 12
வீட்டுக்காரரிடம் சொன்னேன்.
“கேட்ட புள்ளைக்குச் சொல்லீரலாமல்ல?”
“சொன்னேனே.”
“என்னன்னு?”
“விசாரிக்கச் சொல்லி.”
பைக்கை எடுத்துக்கொண்டு கோழிப்பண்ணைக்குப் போய்விட்டார். எட்டாயிரம் கோழிகள். ஒன்றுகூட அவரிடம் இப்படிப் பேசுவதில்லை.

ஜூன் 29
சொல்வதற்கு இன்னும் ஒரு நாள் இருக்கிறது.

ஜூன் 30
அவளுக்கு வார விடுமுறை. விடுமுறையில் இருப்பவர்களைப் போனில் தொந்தரவு செய்யக் கூடாது என்பது என் கொள்கை. இன்று முதல்.

ஜூலை 8
தரச் சான்று ஆய்வுக்கு இருவர் வந்தார்கள். எல்லா நர்ஸ்களின் பதிவையும் கேட்டார்கள். நான் போய் மருந்து அலமாரியை அடுக்கினேன். ஏற்கெனவே அடுக்கியிருந்தது.

சிவக்குமார் சௌந்தர்யாவிடம் கத்தினார். “எட்டு நாளா லைசென்ஸ் இல்லாம ஐ.சி.யு.வுல ஊசி போட்டிருக்கறீங்க! யாருமே சொல்லலீங்களா?”

“ஜோதியக்கா விசாரிக்கச் சொன்னாங்க சார். நாந்தானுங்க உட்டுப்போட்டேன்.”

அவர் என்னைக் காட்டி அவளிடம், “பாருங்க, பொறுப்புன்னா இப்படி இருக்கோணும்” என்றார்.

ஏன் அப்படிச் சொன்னாள்? அழுதிருக்கலாம், என்னைத் திட்டியிருக்கலாம். அதற்கு நான் தயாராக இருந்தேன்.

ஜூலை 9
புதுப்பித்தது வரும்வரை அவளுக்கு ஃபைல் ரூம். நோயாளிகளைத் தொடக் கூடாது.

ஜூலை 21
என் டிகிரி பதிவாகிவிட்டது. இன்சார்ஜ் உத்தரவு கையில். எல்லாரும் கை கொடுத்தார்கள். அவள் முறுக்கு கொண்டுவந்தாள். நன்றாக வேறு இருந்தது.

ஜூலை 24
ராஜம்மாள் என்று ஒரு பாட்டி, மூன்றாம் படுக்கை. நரம்பு கிடைக்கவில்லை. நான் மூன்று முறை குத்தினேன். கை நீலம் பாரித்துவிட்டது.

“போன தடவ வந்தப்ப இருந்த குட்டப் புள்ளையக் கூப்புடுங்க சாமி. அது ஒரே குத்துல ஏத்திப்போடும்.”

குட்டைப் பிள்ளை கண்ணாடிக்கு வெளியே ஃபைல் கட்டோடு நின்றிருந்தாள். உள்ளே வரவில்லை. வர முடியாது. நாலாவது தடவை ஏறியது. பாட்டி என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூலை 26
ஃபைல் ரூமுக்குப் போனேன். “நீ கேட்டப்பவே எனக்குத் தெரியும்.”

கட்டுக்குக் கயிறு போட்டுக்கொண்டே பேசினாள். “தெரியுமுங்கக்கா. இங்க வந்த ரெண்டாம் நாளே உங்க ஃபைலப் பாத்தேன். மார்ச்சுலயே புதுப்பிச்சிருக்கறீங்க.”

“மேனேஜருகிட்டச் சொல்லியிருக்கலாமல்ல?”

“சொன்னா எங்கைல ஊசியக் குடுத்துருவாங்களாக்கும்?” பிறகு, “அந்தப் பாட்டிக்கு எடது கைல பாருங்க. மணிக்கட்டுக்கு மேல ஒண்ணு நல்லா இருக்கும்.”

அப்படியானால் முறுக்கைத் தெரிந்தேதான் கொண்டுவந்திருக்கிறாள்.

ஜூலை 27
இடது கையில் ஒரே குத்தில் ஏறியது.

ஆகஸ்ட் 4
சிவக்குமாருக்குக் கடிதம் எழுதினேன். நான்கு வரி. மூன்று முறை எழுத வேண்டியிருந்தது. முதல் இரண்டிலும் நான் நல்லவளாக வந்திருந்தேன்.

ஆகஸ்ட் 5
“இதையெல்லாம் எதுக்குங்க சிஸ்டர் எழுதிக் குடுக்கறீங்க? யாருக்கும் தெரிஞ்சிருக்காதே.”

“அவளுக்குத் தெரியுமுங்க சார்.”

கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கிழித்துப் போடுவார் என்று எதிர்பார்த்தேன். கொஞ்சம் ஆசையாகவே.

ஆகஸ்ட் 19
சௌந்தர்யாவுக்கு இரண்டும் வந்துவிட்டன, புதுப்பித்ததும் டிகிரியும்.

செப்டம்பர் 1, திங்கள்
புதிய டூட்டி லிஸ்ட் ஒட்டியிருக்கிறார்கள். முதல் வரியில் ஐ.சி.யு. இன்சார்ஜ், சௌந்தர்யா. என் பெயர் மூன்றாவது வரியில், காலை ஷிப்டு. நான் கேட்காமலே ஞாயிற்றுக்கிழமை விடுப்பு போட்டிருக்கிறாள். லிஸ்டை இரண்டு முறை படித்தேன். ஒரு பிழை கிடைக்கவில்லை. நாளைக்கு இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.