சிவப்பு மையில் ஒரு பாராட்டு

1996 ஜூலை 22, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். துவைத்த தாவணி காயவில்லை, ஈரத்தோடேயே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு.

இந்த நோட்டைத் தமிழில்தான் எழுதுவது என்று முடிவு. நான் படித்ததெல்லாம் கன்னடம், பிழைகள் கொட்டிக் கிடக்கும். ஆனால் சுதாவுக்குக் கன்னடம் மட்டும்தான் படிக்க வரும். தங்கை இருக்கும் வீட்டில் இதைவிட நல்ல பூட்டு கிடையாது.

செய்ய வேண்டியவை:
பாடக்குறிப்பு இரண்டு, வெள்ளிக்குள்.
சார்ட் பேப்பர், பசை.
ஹாலுக்கு சாக்பீஸ். (ஒளித்து வைக்க வேண்டும். மாதேஸ்வரியின் தம்பி தின்கிறான்.)

சாயங்கால வகுப்பு 4.30. மாரியம்மன் கோயில் பக்கத்து ஹால். இன்று பத்தொன்பது பிள்ளைகள், பதினோரு சிலேட்டு. எல்லோருடைய அப்பா அம்மாவும் கட்டட வேலை. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம், சண்டை என்றால் இரண்டும்.

இன்று நடந்ததை எழுதாமல் தூங்க மாட்டேன். ஜெயா அக்கா (ஹால் சாவி அவரிடம்தான், பகலில் தையல்) எல்லோருக்கும் சுருமுரி (மசாலாப் பொரி) வாங்கி வந்தார். பொட்டலத்தைத் தின்று முடித்ததும் மாதேஸ்வரி காகிதத்தைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தாள். நாலாம் வகுப்பு. ஒன்பது வயது. இடுப்பில் தம்பி. கன்னடப் பத்திரிகை, பொடி எழுத்து, எண்ணெய்க் கறை. ஏதோ கிணற்றில் விழுந்த யானைக்குட்டிச் செய்தி. தடையில்லாமல் படித்தாள். பாதியில் காகிதம் கிழிந்திருந்தது. “மிஸ், மேல ஏறிச்சா இல்லயா?” என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு எப்படித் தெரியும்? ஏறியது என்று சொல்லிவிட்டேன்.

ஜூனில் வந்தபோது எழுத்துக்கூட்டியவள். சந்தோஷம் தாங்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து அவள் அப்பாவுக்கு ஒரு கடிதம். ‘உங்கள் மகள் மிக நன்றாகப் படிக்கிறாள். தினமும் அனுப்பி வையுங்கள்.’ கன்னடத்தில். என் தமிழை நாலு பேர் பார்க்கும்படி எழுத வெட்கம். கையில் இருந்தது திருத்துகிற சிவப்புப் பேனா, அதிலேயே எழுதினேன். அப்பா அம்மா இருவருக்கும் படிக்கத் தெரியாது என்றாள். நீயே படித்துக் காட்டு என்று கொடுத்தேன். அதுதானே பெருமை.

23, செவ்வாய்

தூறல். மாதேஸ்வரி வரவில்லை. காய்ச்சலோ?

பாடக்குறிப்பு ஒன்று முடிந்தது. ‘மாணவரின் உற்சாகத்தைத் தூண்டுதல்’ என்று தலைப்பு போட்டிருக்கிறேன். ஒரு பயல் இன்று உற்சாகத்தில் ஜன்னல் கம்பியில் தலையை விட்டு மாட்டிக்கொண்டான். தேங்காய் எண்ணெய் தடவி எடுத்தோம்.

24, புதன்

இன்றும் வரவில்லை. அவள் வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டகை கவிதாவிடம் கேட்டேன். அவள் சிலேட்டைத் துடைத்துக்கொண்டே, ஏதோ மழை பெய்ததைச் சொல்வதுபோல் சொன்னாள்.

“அவளுக்கு அடி விழுந்துச்சு மிஸ். பள்ளிக்கூடத்துல தப்பு பண்ணி காயிதம் வந்துச்சாம். அதை மாத்தி மாத்திப் படிச்சு ஏமாத்துனாளாம்.”

என் கடிதம். நான் எழுதிய கடிதம்.

இன்னும் இருக்கிறது. ஹனூரில் அவள் மாமன் வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். படிப்பு வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏற்றிவிடுவதாக அப்பா சொல்லிவிட்டாராம்.

சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டேன். சுதா கேட்டதற்குத் தலைவலி என்றேன்.

25, வியாழன்

கல்லூரியில் மனம் ஒட்டவில்லை. காலையெல்லாம் அந்த மனிதர்மேல் கோபம். நல்லதைச் சொன்னால் நம்பாத மனிதர். படித்துக் காட்டிய பிள்ளையையே அடிக்கிறவர். நேரே போய் நாலு வார்த்தை கேட்கிறேன் என்று ஜெயா அக்காவிடம் குதித்தேன். அக்கா ஊசியில் நூல் கோத்து முடித்தார். பிறகு கேட்டார், அந்த வீட்டுக்கு இதுவரை வந்த காகிதம் எல்லாம் என்ன தெரியுமா என்று. போன வருஷம் கொட்டகையைக் காலி பண்ணச் சொல்லி ஒன்று. அதற்கு முன்னால், மாதேஸ்வரி வராததால் பேரை அடித்துவிட்டோம் என்று பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்று (பிறகு மறுபடி சேர்த்தார்கள்). இரண்டும் கன்னடம். நல்ல சேதி எல்லாம் அவர்களுக்கு வாய்வழியாகத்தான் வரும்.

“அதுலயும் நீ செவப்பு மையில எழுதியிருக்க பானு. செவப்புன்னாலே தப்புன்னுதான் நெனப்பாங்க. வேற யாருகிட்டயாவது காட்டிக் கேக்கலாம்ல, கேக்க மாட்டார். மானம் போயிடும்னு.”

இரண்டு வருஷப் பயிற்சியில் இதை யாரும் சொல்லித் தரவில்லை. சரி, நானாவது யோசித்திருக்கலாம்.

26, வெள்ளி

ஆடி வெள்ளி. பஸ் எல்லாம் சாமுண்டி மலைக்கு. ஒரு மணி நேரம் நின்று, நடந்தே ஹாலுக்கு, ஆறு மணிக்கு. பிள்ளைகள் எனக்காகக் காத்திருக்கவில்லை, கவிதா ‘மிஸ்’ ஆகி எல்லோரையும் முட்டி போட வைத்திருந்தாள். என் குரலிலேயே அதட்டல். நான் அப்படியா பேசுகிறேன்?

அம்மா மலையிலிருந்து குங்குமம் கொண்டுவந்தாள். மாதேஸ்வரிக்காக வேண்டிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது, தப்பு பண்ணியது நான், வேலை சாமிக்கு.

27, சனி

போனேன். நிதானமாக எழுத வேண்டும், கை ஓடுகிறது.

ஐந்து மணி. பாதி எழும்பிய கட்டடம், பின்னால் தகரக் கொட்டகை. மாதேஸ்வரியின் அப்பா கோவிந்தன், கம்பி கட்டுகிறவர். என்னைப் பார்த்ததும் எழுந்து தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். கேட்க வைத்திருந்த நாலு வார்த்தையை விட்டு, வணக்கம் என்றேன். மாதேஸ்வரி கொட்டகைக்கு உள்ளே. முகத்தைக் காட்டவில்லை. கதவருகில் கட்டிவைத்த துணிமூட்டை.

கடிதத்தில் இருந்தது பாராட்டு என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. பிள்ளைக்காகப் பரிந்து பேசுகிறேன் என்று நினைத்தார்.

“நானும் பாத்தனுங்க டீச்சரம்மா. படிக்கிறவ சரசரன்னு படிக்கோணும். இவ ஒரு வார்த்த சொல்றா, நிக்கிறா, மேல பாக்கிறா. பொய் சொல்றவதானுங்க அப்படி யோசிப்பா.”

அப்போதுதான் புரிந்தது. கன்னடத்தில் இருந்ததை அப்பாவுக்காக ஒவ்வொரு வார்த்தையாகத் தமிழாக்கிச் சொல்லியிருக்கிறாள். அந்த நிறுத்தத்துக்குத்தான் அடி.

அவரை வெளியே மணல் குவியல் பக்கம் கூப்பிட்டேன். உங்கள் மனதுக்குத் தோன்றியதை என் காதில் மட்டும் சொல்லுங்கள், எழுதுகிறேன், அவள் வந்து படிக்கட்டும் என்றேன். சிலேட்டு கொண்டுபோயிருந்தேன். யோசித்து, ‘நாளைக்கு செவுத்துக்குத் தண்ணி ஊத்தோணும்’ என்றார். அவர் சொன்ன தமிழை அப்படியே கன்னட எழுத்தில் எழுதினேன். மாதேஸ்வரியைக் கூப்பிட்டோம். கன்னத்தில் இன்னும் வீக்கம். சிலேட்டைப் பார்த்தாள்.

“நாளைக்கு செவுத்துக்குத் தண்ணி ஊத்தோணும்.”

ஒரே மூச்சில். அவர் சிலேட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதோ ஒளிந்திருப்பதைப்போல. அவளை உள்ளே போகச் சொன்னார். இன்னொன்று எழுதுங்கள் என்றார். கம்பி முறுக்கும் கொக்கியைக் கையில் உருட்டினார். பிறகு குனிந்து என் காதில் சொன்னார்: அப்பன் அடிச்சது தப்பு.

எழுதினேன். எழுத்து கோணல்.

மாதேஸ்வரி வந்தாள், பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை.

“என்ன கண்ணு, படிக்க வல்லியா?” என்றார்.

“வருது. மனசுக்குள்ளயே படிச்சுட்டேன்.”

பாவாடையால் சிலேட்டைத் துடைத்தாள். அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான்தான் எல்லோர் முன்னாலும் அழுதேன், டீச்சர் என்கிற நினைப்பே இல்லாமல்.

பஸ் விஷயம் நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

28, ஞாயிறு

ஹனூர் பஸ் எத்தனை மணிக்கு என்று தெரியாது. நாள் முழுக்கக் கடிகாரம். சுதாவோடு காரணமில்லாமல் சண்டை. பிறகு அவளே காபி போட்டுத் தந்தாள்.

29, திங்கள்

வெயில். நீலப் பேனா ஒன்று வாங்கினேன்.

4.20க்கே ஹாலுக்கு. பிள்ளைகள் ஒவ்வொருவராக. பதினாறு, பதினேழு. கடைசியில் இடுப்பில் தம்பியோடு அவள். கட்டிக்கொள்ளத்தான் தோன்றியது. ஏன் லேட் என்று அதட்டினேன். மடித்த காகிதம் ஒன்றை நீட்டினாள். சிமெண்ட் மூட்டையிலிருந்து கிழித்தது. அப்பா சொல்லச் சொல்ல எழுதியதாம். கன்னட எழுத்து, தமிழ்ப் பேச்சு:

‘டீச்சரம்மாவுக்கு கோவிந்தன் எழுதிக்கறது. எல்லாரும் சொகம். மாதேசு ஊருக்குப் போகலீங்க. இனி செவப்புல எழுத வேண்டாமுங்க.’

எழுத்துப் பிழை ஏழு. பழக்கத்தில் கை சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டது. மூடினேன். பேனா பையில், காகிதம் இந்த நோட்டுக்குள். சின்னவன் வாயில் மறுபடி சாக்பீஸ்.