பத்திரத்தில் யார் பெயர்

1927 ஜூலை 4

மஜீது பாய் கடைக்கு வந்து வீட்டை விற்கப் போவதாகச் சொன்னார். ஆம்பூரில் மகளோடு போய் இருக்கப் போகிறாராம். "நீ இத்தினி வருஷமா வாடகை குட்த்துகினு கீற. உன்னிய கேக்காம வேற ஆளாண்ட பேசமாட்டேன், தங்கச்சி."

முன்னால் கடை, பின்னால் ஓர் அறை, ஒரு கிணறு. கயிறு, தார், லாந்தர் என்று ராயபுரத்துப் படகுக்காரர்கள் தேடி வருகிற இடம். இதை விட்டால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை. "நானே வாங்கிக்கிடுதேன்" என்று வாய் சொல்லிவிட்டது. அவர் போன பிறகுதான் என்ன சொன்னேன் என்றே உறைத்தது.

அந்தப் பெயரை இந்த நோட்டில் எழுதவே கூடாது என்று வைத்திருந்தேன். இன்று எழுதுகிறேன். சவரியான், என் புருஷன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தூத்துக்குடியில் அவர் தூங்கும்போது கிளம்பி ரயிலேறினேன். நான் எங்கே இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. வீடு வாங்கினால் தெரிந்துவிடுமோ? தெரிந்தால்—

ஜூலை 9

தம்புச்செட்டித் தெருவில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். சிரித்த முகம். என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. புருஷன் உண்டு, கூட இல்லை என்றேன். "அப்படியானால் உங்கள் பெயரே வேண்டாம். என் குமாஸ்தா பெயரில் வாங்கிவிடலாம். எந்தப் புருஷனும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது" என்றார். நிம்மதியாக இருந்தது. திரும்பும்போது டிராமில் கண் அசந்துவிட்டேன் என்றால் பாருங்களேன்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுக் குப்பம்மாவிடம் சொன்னேன். மீன் கூடையைத் தொப்பென்று கீழே வைத்தாள். "உன் துட்டு, எவனோ ஒருத்தன் பேர்ல வூடா? நாளிக்கு அவன் வெளிய போடின்னா இன்னா பண்ணுவ, சிலுவ?"



ஜூலை 16

குப்பம்மா அண்ணனின் படகு வழக்கை நடத்திய சுப்பராயன் வக்கீலிடம் போனேன். கிளைவ் பேட்டரி பக்கத்தில் மாடி அறை. முகத்தில் சிரிப்பே இல்லை. கேள்வி, கேள்வி, கேள்வி. எந்த மாதா கோயிலில் தாலி கட்டினது? எந்த வருஷம்? கடையில் புருஷன் பணம் ஒரு சல்லியாவது உண்டா?

"இல்லை."

"முதல் எங்கிருந்து வந்தது?"

 முக்காட்டை விலக்கி இடது காதைக் காட்டினேன். பாம்படத்தோடு சேர்த்து என் புருஷன் இழுத்ததில் அறுந்த காது. அந்தப் பாம்படம் அவர் கையோடு போயிற்று. வலது காதில் இருந்ததை இங்கே வந்து விற்றுத்தான் முதல் கட்டுக் கயிறு வாங்கினேன்.

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு எடுத்து எழுதினார்.

கிறிஸ்தவப் பெண்களுக்கு ஒரு சட்டம் இருக்கிறதாம். கல்யாணமான பெண் தானே தொழில் செய்து சம்பாதித்தது அவளுக்கே சொந்தம், புருஷன் கை வைக்க முடியாதாம். ஐம்பது வருஷத்துக்கு மேலாக இருக்கிறதாம். ஐம்பது வருஷம்! என்னிடம் யார் சொன்னார்கள்?

ஆனால் கோயிலில் நடந்த கல்யாணம் என்பதற்குப் பதிவு நகல் வேண்டும் என்கிறார். அந்தக் கோயில் பதிவேட்டை வைத்திருக்கும் உபதேசியார் என் புருஷனுக்குச் சித்தப்பா. அதைச் சொன்னேன்.

"பங்குச் சாமியாருக்கு நேரே எழுதுவேன். பதில் என் விலாசத்துக்கு வரும். ஆனா விஷயம் வெளியே போகாதுன்னு நான் சொல்லமாட்டேன்மா. யோசிச்சுட்டு வாங்க."

ஜூலை 17

யோசிக்கவே முடியவில்லை.

ஜூலை 23

எழுதச் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? தம்புச்செட்டித் தெருக்காரர் எனக்குப் பயமில்லாமல் செய்தார், இவர் பயத்தை எடுத்து முன்னால் வைக்கிறார். இருந்தும் இவரிடம்தான் போனேன். பயம் எவ்வளவு இருக்கிறது என்றாவது தெரியட்டும் என்றுதானா?

ஆகஸ்ட் 12

வில்லங்கம் பார்த்ததில் ஒன்று கிளம்பியிருக்கிறது. வீடு மஜீது பாயின் வாப்பா சம்பாத்தியம். தங்கை சாபிராவுக்கும் பங்கு உண்டு. அந்தம்மா கையெழுத்து இல்லாமல் வாங்கக் கூடாது என்று வக்கீல் நிறுத்திவிட்டார். பாய்க்கு முகம் சுருங்கிவிட்டது. "எனுக்கு அது தோணவே இல்ல தங்கச்சி. வாணியம்பாடிக்கு ஆளு அனுப்பி இட்டாறேன்" என்றார். அவர் மனதில் கள்ளம் இல்லை. ஆனால் நாள் ஓடுகிறது. ஒவ்வொரு நாளும் தெற்கே யாரோ யாரிடமோ என்னைப் பற்றிச் சொல்லுகிற மாதிரியே இருக்கிறது.

ஆகஸ்ட் 27

கோயிலிலிருந்து நகல் வந்துவிட்டது. அப்படியானால் அங்கே எல்லாருக்கும் தெரியும்.

செப்டம்பர் 2

தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சுப் பேசும் ஒருவன் வந்து நங்கூரக் கயிறு கேட்டான். அளவுகோலைக் கீழே போட்டேன். அவன் யாரோ கப்பல் கலாசி.

செப்டம்பர் 10

வந்துட்டார்.

கடையில நின்னு, முடி நரைச்சு, வேட்டி வெள்ளையா. அடிக்கல. கத்தல. சிரிச்சார். அதுதான் தாங்க முடியலை. "என்னட்டி, வீடு வாங்குதோமாமே? சித்தப்பா காயிதத்தைப் பாத்துச் சொன்னாக. ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா. கையெழுத்துப் போட வந்திருக்கேன்."

வாங்குதோம்! நாமாம்!

 பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டினேன். ஏன் ஆட்டினேன்? துறைமுகத்துப் பக்கம் யார் வீட்டிலோ தங்கியிருக்கிறாராம். போகும்போது சுவரைத் தட்டிப் பார்த்தார், கல்லா காரையா என்று.

செப்டம்பர் 12

வீடே வேண்டாம் என்று சொல்லத்தான் வக்கீலிடம் போனேன். எண்ணூருக்கும் அப்பால், காட்டுப்பள்ளிப் பக்கம் போய்விடலாம் என்று நினைத்தேன். அங்கே என்னிடம் யார் தார் வாங்கப் போகிறார்கள்?

எல்லாம் கேட்டுவிட்டு, "அவரால பத்திரத்துலேர்ந்து உங்க பேரை எடுக்க முடியாது. நீங்க எடுத்தாத்தான் உண்டு. எடுக்கணுமா?" என்றார். அதட்டலும் இல்லை, ஆறுதலும் இல்லை.

"பயமா இருக்குய்யா."

"இருக்கட்டும். பயந்துக்கிட்டே வாங்கினாலும் வீடு உங்களுதுதான்."

செப்டம்பர் 21

இன்று ரிஜிஸ்தர். சாபிரா அம்மாள் நேற்றே வந்துவிட்டார். குப்பம்மா வியாபாரத்துக்குப் போகாமல் என்னோடு வந்தாள். என் புருஷன் எங்களுக்கு முன்னமே ஆபீஸ் வாசலில் நின்றார், தலைக்கு எண்ணெய் தடவி.

மஜீது பாய் கையெழுத்துப் போட்டார். சாபிரா அம்மாள் கைரேகை வைத்தார். அப்போது அவர் முன்னால் வந்து, "நான் இவ புருஷன். எம்பேரையும் சேத்து எழுதணும்" என்றார். சப்-ரிஜிஸ்திரார் நிமிர்ந்து, "அப்படியா அம்மா?" என்று என்னைக் கேட்டார்.

வக்கீலைப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்தார்.

 மேசையைப் பிடித்துக்கொண்டேன். "புருஷன்தான்" என்றேன். பிறகு மூச்சு வந்தது. "காசு என்னுது. அவுக பேரு வேண்டாம்."

கத்தவில்லை. பாதி காற்றுதான் வந்திருக்கும். ஆனால் எழுதுகிறவர் பேனா நிற்காமல் போயிற்று.

"வீட்டுக்கு வாரேன்" என்று என் காதருகே சொல்லிவிட்டுப் போனார். அறுந்த காது. அதில்தான் சொன்னார்.

செப்டம்பர் 23

டிரங்குப் பெட்டியோடு வந்தார். கடையில் படகுக்காரர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள்.

"தள்ளுட்டி."

நகரவில்லை. தைரியம் என்று சொல்ல மாட்டேன், கால் மரத்துவிட்டது. கை ஓங்கினார். குப்பம்மா தெருவிலிருந்தே, "யோவ்! இன்னா கைய தூக்கினு? அது அவுங்க வூடு, மருவாதியா நவுரு!" என்று சத்தம் போட்டாள். படகுக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பார்த்தார்கள், அவ்வளவுதான்.

ஓங்கின கை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு அதாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தண்ணியாவது குடு."

கொடுத்தேன், வாசல்படிக்கு வெளியே. குடித்துவிட்டுச் செம்பைப் படியில் வைத்தார். பெட்டியைத் தோளில் ஏற்றும்போதுதான் பார்த்தேன், அவருக்கு மூச்சு வாங்குகிறது. இந்த ஆளுக்கா இத்தனை வருஷம் பயந்தேன்?

இருந்தாலும் தாழ்ப்பாள் போட்டேன். குறுக்கே உலக்கையும் வைத்தேன்.

அக்டோபர் 6

ரங்கூன் கப்பலில் அவர் ஏறினதைப் பார்த்ததாக ஒருவன் சொல்கிறான். அது வேறு ஆள் என்கிறான் இன்னொருவன். உலக்கை குறுக்கேதான் இருக்கிறது.

அக்டோபர் 29

விடாத மழை. பின் அறையில் ஓட்டு இடுக்கு வழியாக ஒழுகி, அடுக்கி வைத்த கயிறெல்லாம் நனைந்துவிட்டது. வீட்டுக்காரர் பாயிடம் சொல்லி ஓடு மாற்றச் சொல்ல வேண்டும் என்று குடையை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டேன்.

அங்கேயே நின்றேன். குடையை மடக்கி நன்றாக நனைந்தேன். பிறகு ஓட்டுக்காரனைத் தேடிப் போனேன்.